பத்தாம் நாள் விளக்கு

யூதன் அல்லாத ஒருவன் யூதப் பிள்ளைகளுக்கு அவர்களின் வேதமான தோராவைப் படிப்பித்தால் என்ன நடக்கும் என்று அறிய யாருக்காவது ஆசை இருந்தால் என்னிடம் வரலாம். இரண்டரை வருஷம் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை, யாரும் நன்றி சொல்லவும் இல்லை. படித்த பிள்ளைகள் இரண்டு பேரும் என் சொந்தப் பிள்ளைகள்.

நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். என் மனைவியின் குடும்பம் மொரோக்கோவிலிருந்து மொன்றியலுக்கு வந்த யூதக் குடும்பம். வீட்டில் பிரெஞ்சு. யூதர்களுக்குப் பிள்ளையின் மதம் தாயோடு போகும். ஆகவே என் மகளும் மகனும் பிறந்த நிமிடத்திலேயே யூதர்கள். அதற்கு அவர்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை. நான் அவர்களுடைய தகப்பன், அவ்வளவுதான்.

அவளைச் சந்தித்தது டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் இடத்தில். நான் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறேன். யூதப் பயணிகளுக்கான சாப்பாடு வெளியில் ஒரு சமையலறையில் செய்து, இரண்டு உறை போட்டு, ஒட்டு ஒட்டி வரும். பயணி தன் கையால்தான் அதைப் பிரிக்கவேண்டும். வேறு யாராவது பிரித்தால் அவர்கள் சட்டப்படி அதைச் சாப்பிடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, ஓர் உறை கசங்கியிருக்கிறதே என்று நல்ல பிள்ளையாக அதைப் பிரித்து வேறு உறை போட்டேன். அலுவலகத்தில் பட்டியல் சரிபார்க்கும் பெண் ஓடிவந்து பொரிந்து தள்ளினாள். அந்தத் தட்டு குப்பைக்குப் போனது. இரண்டு வருஷத்தில் அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்தேன்.

கல்யாணம் என்றால் கோர்ட்டில் கையெழுத்து. அவளுடைய தகப்பன் வரவில்லை. வில்லரேயில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த என் அக்காவும் வரவில்லை. இரண்டு குடும்பமும் ஒற்றுமையாக நடந்துகொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மகள் பிறந்த பிறகு மாமனார் கதவைத் திறந்தார். மனைவியை இழந்த மனிதர், தனியாக இருந்தார், பேத்தியைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை கோபத்தை வென்றுவிட்டது. முதல் தடவை ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாப்பாட்டுக்குப் போனோம். வெள்ளி பொழுதுபட்டால் சனி பொழுதுபடும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். நெருப்பு மூட்டக்கூடாது, ஸ்விட்ச் தொடக்கூடாது, கார் ஓட்டக்கூடாது. நாங்கள் காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து போனோம். அவருக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். மரியாதை என்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் காரியம்தான்.

சாப்பிடும்போது தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போன நான், வெளியே வரும்போது கைப்பழக்கத்தில் லைட்டை அணைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஆள் இல்லாத அறையில் லைட் எரிந்தால் அப்பா ஏசுவார். மாமனார், என்னைப் பார்க்காமல், எதிரே இருந்த சுவரைப் பார்த்து, “குசினி இருட்டாக இருக்கிறது” என்றார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, “நல்ல இருட்டு” என்றார். எனக்கு விளங்கவில்லை. ஓம், இருட்டுத்தான் என்று தலையாட்டினேன்.

மனைவியின் முகம் சிவந்துவிட்டது. “எழும்பாதே” என்றாள் என்னிடம். ஆனால் நான் அதற்குள் எழும்பி லைட்டைப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் விளக்கம் சொன்னாள். அன்றைக்கு அவர்கள் லைட் போடக்கூடாது. யூதன் அல்லாதவனிடம் போடு என்று கேட்கவும் கூடாது. ஆனால் இருட்டாக இருக்கிறது என்று சும்மா சொல்லலாம் என்று அவளுடைய தகப்பன் வைத்திருந்தார். விளங்கிக்கொண்டு போட்டால் அது அவனுடைய இஷ்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. “பரவாயில்லை, உன் அப்பாவுக்கு என்னாலே முதல் தடவையாக ஒரு பிரயோசனம்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. “நீ அந்த வீட்டுக்கு வெளியே நிற்கிற ஆள் என்று அவர் மேசையில் வைத்துச் சொன்னார். எங்கள் வீட்டில் இது ஒருநாளும் நடக்காது” என்றாள். பெண்கள் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

எங்கள் வீட்டில் ஓய்வுநாள் லேசாகத்தான் நடந்தது. மெழுகுவர்த்தி, ரொட்டி, ஒரு மிடறு திராட்சை ரசம். அதற்குப் பிறகு லைட்டும் எரியும், டிவியும் ஓடும். மகன் பிறந்து நாலாம் வருஷம் அவளுக்கு நோய் வந்தது. வந்த வேகத்திலேயே முடிவும் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் மத்தியானம், கட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் பாடத்தைப் பற்றிப் பேசினாள். தோராவை வருஷத்துக்குப் பங்குபோட்டுக் கிழமைக்கு ஒரு துண்டாக வாசிப்பது அவர்கள் வழக்கம். அந்தத் துண்டைப் பராஷா என்பார்கள். “பண்டிகையெல்லாம் யாரும் செய்து காட்டுவார்கள். எனக்குக் கிழமைப் பாடம் முக்கியம். ஒவ்வொரு வெள்ளியும். நீ சொல்லிக்கொடு” என்றாள்.

நான் திகைத்துப்போனேன். “உன் அப்பா இருக்கிறாரே, கரைத்துக் குடித்தவர். எனக்கு என்ன தெரியும்?” என்றேன்.

“அவர் சொல்லிக்கொடுத்தால் நன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பார். அதோடு சேர்த்து நீ யார் என்பதையும் சொல்லிக்கொடுப்பார். வாயால் சொல்லமாட்டார், ஆனால் அவர்கள் படித்துவிடுவார்கள். உன்னிடம் படித்தால் அவர்கள் உன்னை வெளியே விடவேண்டிய தேவை வராது.” மூச்சு வாங்கியது. “சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அந்த நேரத்தில் நிலாவைப் பிடித்துத் தருவேன் என்றுகூடச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

பெசாக் பண்டிகை முடிந்து இரண்டரைக் கிழமையில் அவள் போய்விட்டாள். பெசாக் என்பது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அவர்களுடைய முன்னோர் விடுபட்டதைக் கொண்டாடும் எட்டு நாள். அந்த நாள்களில் புளிக்கவைத்த மா எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. அந்த எட்டு நாளும் அவள் ஆஸ்பத்திரியில் ரொட்டியைத் தொடவில்லை. அவளுக்கு ஒன்றுமே இறங்காத நேரம். ஆனாலும் தட்டில் ரொட்டி வந்தபோது வேண்டாம் என்று கையால் தள்ளினாள். அந்தக் கை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மயானத்தில் மாமனார் என்னிடம், “இயார் மாதம், பத்தாம் நாள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் பிள்ளைகள் விளக்கு ஏற்றவேண்டும்” என்றார். இயார் அவர்களுடைய மாதம். சந்திரனை வைத்துக் கணக்கிடுவது. அன்று பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். பத்து வருஷமாக என் மனைவியின் முகத்தைப் பார்க்காத அக்கா.

“தம்பி, திதி பாத்திட்டன். சித்திரை பூர்வபக்கத் தசமி. எழுதி வை. செத்த ஆளுக்குத் திவசம் விடக்கூடாது” என்றாள். உயிரோடு இருந்த ஆளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்திருக்கலாமே அக்கா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. எழுதி வைத்தேன்.

பிறகுதான் கவனித்தேன். தசமி என்றால் வளர்பிறையின் பத்தாம் நாள். மாமனார் சொன்னதும் பத்தாம் நாள். இரண்டும் ஒரே சந்திரன்! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள். ஒரு கல்யாணத்துக்குக்கூட ஒன்றாக வராத இரண்டு பக்கமும், அவள் செத்த நாளிலாவது ஒன்றாக நிற்கின்றன. முதலாம் வருஷத் திவசம் இரண்டு கணக்கிலும் ஒரே நாளில் வந்தது. இரண்டாம் வருஷம் ஒரு நாள் பிசகியது, அவ்வளவுதான். அவர்களுக்கு நாள் முதல்நாள் பொழுதுபட்டவுடன் தொடங்குவதால் அதுவும் ஒத்துப்போனது. மாமனார் போனில் “ஏற்றினாயா?” என்பார். “ஏற்றினோம்” என்பேன். பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் இலவசமாகக் கொடுக்கும் பஞ்சாங்கக் கலண்டரைக் குசினியில் மாட்டி, அதைப் பார்த்து ஒரு யூதப் பெண்ணுக்கு நினைவு விளக்கு ஏற்றியவன் இந்த நகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாடம் தொடங்கியது அந்த இலையுதிர்காலத்தில். தோராவின் கடைசித் துண்டை வாசித்து முடித்த அன்றே முதல் துண்டைத் திரும்பத் தொடங்குவது அவர்கள் வழக்கம். அதற்கும் ஒரு பண்டிகை உண்டு. அந்தக் கிழமையில் நானும் தொடங்கினேன். நூலகத்தில் பிரெஞ்சில் ஒரு சிறுவர் புத்தகம் எடுத்தேன். ஐம்பத்துநாலு துண்டு. டோர்வலில் சாப்பாட்டு நேரம் அரை மணித்தியாலம். பத்து நிமிடத்தில் சோற்றை விழுங்கிவிட்டு இருபது நிமிடம் படிப்பேன். பக்கத்தில் இருந்த மட்டக்களப்பு அண்ணை ஒருவர், கிறிஸ்தவர், எட்டிப் பார்த்து, “உது எங்கட பழைய ஏற்பாடு எல்லோ? என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்” என்றார். “உங்கட ஆள் வாறதுக்கு முந்தியே எங்கட பாடம் முடிஞ்சிடும் அண்ணை” என்றேன். எங்கட பாடம் என்றுதான் சொன்னேன். எனக்கே பிறகுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை மகள் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டுக் கொடுத்துவிட்டு நான் கதை சொல்வேன், பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. வெள்ளம், கோபுரம், கனவு காணும் தம்பியைக் கிணற்றில் போட்ட அண்ணன்மார். கதைகள் முடிந்து சட்டங்கள் தொடங்கும் கிழமைகளில் மகன் மேசைக்குக் கீழே போய்விடுவான். எந்த மாட்டை எப்படி வெட்டவேண்டும் என்பதை நாலு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடம் சொல்லிப் பாருங்கள், உங்கள் யோக்கியதை தெரியும். ஆனாலும் ஒரு கிழமை விடவில்லை. காய்ச்சலோடும் சொன்னேன். ஒருமுறை பனிப்புயலில் டோர்வலில் மாட்டிக்கொண்டு போனில் சொன்னேன்.

பண்டிகைகளில் அடி வாங்கினேன். இலையுதிர்காலத்தில் கூடாரம் கட்டி அதற்குள் சாப்பிடும் பண்டிகை ஒன்று உண்டு. சோளத்தண்டு வாங்கி எங்கள் பல்கனியில் அழகாகக் கட்டினேன். மகள் பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தியிடம் கேட்டுவந்து, “அப்பா, கூரைக்குள்ளால வானம் தெரியவேணுமாம். எங்களுக்கு மேல மேல்வீட்டுப் பல்கனி எல்லோ இருக்கு” என்றாள். எல்லாவற்றையும் பிரித்து, பின்பக்கச் சந்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் திரும்பக் கட்டினோம். வானம் தெரிந்தது. மழையும் பெய்தது. மகன் குடைக்குக் கீழே சூப் குடித்தான். அவள் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

ஒன்றில் மட்டும் எனக்குக் கெட்டித்தனம் இருந்தது. குளிர்காலத்து விளக்குப் பண்டிகை. எட்டு நாள், நாளுக்கு ஒரு தீபம் கூட்டி ஏற்றுவது. அந்தக் குடும்பத்தில் மெழுகுவர்த்தி அல்ல, எண்ணெயும் திரியும். பஞ்சை உள்ளங்கையில் உருட்டித் திரி திரிப்பது கார்த்திகைக்கு வீட்டில் செய்த வேலை. அந்த எட்டு நாளில் ஒரு மாலை எங்களிடம் வந்த மாமனார் குனிந்து பார்த்தார். “இந்தத் திரியை யார் செய்தது? புகை இல்லாமல் எரிகிறதே” என்றார். “அப்பா” என்றாள் மகள். அவர் தலையை ஆட்டினார். பதின்மூன்று வருஷத்தில் அந்த மனிதரிடம் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. இப்போதும் அதை வைத்துக்கொண்டு திரிகிறேன் என்பது வெட்கம்தான்.

மூன்றாம் வருஷம் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் வேஷம் போட்டு ஆடும் பூரிம் பண்டிகை தாமதமாக வந்தது. ஏன் என்று மகன் கேட்டான். நான் படித்து வைத்திருந்தேன். “சந்திர வருஷம் சின்னது. அப்பிடியே விட்டால் பெசாக் பனிக்காலத்துக்குள்ள போயிடும். அதாலை சில வருஷங்களிலை ஒரு மாதத்தைக் கூட்டி விடுவினம். இந்த முறை அதார் மாதம் ரெண்டு தரம் வரும்” என்றேன். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். நல்ல பாடம். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகத் திறமான பாடம் அதுதான். சொன்னவன் மட்டும் அதைக் கேட்கவில்லை.

பெசாக்குக்கு வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த கிழமை. மா, பிஸ்கட், ரொட்டித் துகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தவேண்டும். சோபாவின் மடிப்புக்குள் மகன் ஒளித்துவைத்த அரைப் பிஸ்கட்டைத் தோண்டிக்கொண்டிருந்தபோது அக்கா போன்.

“தம்பி, திவசம் இந்த முறை போன முறையைவிட வெள்ளெண வருது. வருஷம் பிறந்து நாலாம் நாள். மறந்திடாதை.”

கலண்டரைப் பார்த்தேன். சித்திரை, பூர்வபக்கத் தசமி. சரிதான். கண்ணாடிக்குள் இருபத்துநாலு மணித்தியாலம் எரியும் மெழுகுவர்த்தியை வாங்கிவந்து, பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தீப்பெட்டியைக் கையில் வாங்காமல் நின்றாள். “அப்பா, மமான் செத்தது பெசாக்குக்குப் பிறகெல்லோ? பெசாக் இன்னும் வரேல்லையே.”

ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது. அவள் தாய் ரொட்டியைத் தள்ளிய கை என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனாலும் எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதும் பொய். எங்கேயோ ஓரிடத்தில் இடித்தது. ஆனால் அந்தக் கணக்கை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே ஒரு கணக்கு. அதையும் பிழை என்று சொன்னால் பிறகு என்னிடம் என்ன இருக்கிறது?

“சந்திரன் எல்லாருக்கும் ஒண்டுதானே. பத்தாம் நாள் எண்டால் பத்தாம் நாள்தான். ஏத்து” என்றேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன். அவள் ஏற்றினாள்.

அதற்கு நாலாம் நாள் பெசாக்கின் முதல் மாலை, மாமனார் வீட்டு மேசையில் நாங்கள் நாலு பேர். எகிப்திலிருந்து வெளியேறிய கதையை வாசித்துச் சொல்லும் விருந்து அது. வீட்டில் ஆகச் சிறிய பிள்ளை கேள்வி கேட்கவேண்டும், இந்த மாலை ஏன் மற்ற மாலைகளிலிருந்து வேறுபட்டது என்று. ஏழு வயது மகன் ஒரு சொல் தடுக்காமல் கேட்டான். கேள்விகளை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். எனக்கு அவர்களுடைய எழுத்துத் தெரியாது, காதால் கேட்டுக் கேட்டு நான் முதலில் பாடமாக்கி, பிறகு அவனுக்கு ஏற்றினேன். மாமனாரின் கண் கலங்கியது. அவனை இழுத்து முத்தமிட்டார்.

அந்தப் பூரிப்பில் மகன் தாத்தாவிடம் இன்னும் ஒன்று சொல்ல ஆசைப்பட்டான். “பெப்பே, நாங்கள் மமானுக்கும் விளக்கு ஏற்றினோம். போன கிழமை. நான்தான் தீக்குச்சியை ஊதி அணைத்தேன்.”

மாமனார் புத்தகத்தை மூடவில்லை. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, “நான் அப்பாவிடம் சொன்னேன்” என்றாள் பிரெஞ்சில்.

“இந்த வருஷம் எத்தனை அதார்?” என்று அவர் கேட்டார். என்னைத்தான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பிக் கேட்பதைப்போல.

“இரண்டு” என்றேன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கூட்டிய ஒரு மாதம். அக்காவின் பஞ்சாங்கத்தில் அந்த வருஷம் அப்படி ஒரு கூட்டல் இல்லை. தாய் செத்த நாளுக்கு ஒரு மாதம் முந்தி, பிள்ளைகளைக் கொண்டு, அதுவும் மறுத்த பிள்ளையை அதட்டி, விளக்கு ஏற்றியிருக்கிறேன். மிச்ச விருந்து முழுக்கக் கசப்புக் கீரையை உப்புத் தண்ணீரில் தொட்டுத் தின்றது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குத்தான் அந்தக் கீரை வைப்பார்கள், அடிமையாக இருந்த கசப்பு மறக்காமலிருக்க.

பிள்ளைகள் அவர் வீட்டிலேயே படுத்துவிட்டார்கள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது கதவடிக்கு வந்தார். அதுவரை என்னை அந்நியரைக் கூப்பிடுவதுபோல ‘மிஸ்யோ’ என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு, “என் மகனே” என்றார். “நீ நிறையச் சுமந்துவிட்டாய். இது உன்னுடைய சுமை இல்லை. இனி வெள்ளிக்கிழமை பிள்ளைகளை என்னிடம் விடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஏளனம் செய்யவில்லை, ஏசவில்லை. அதுதான் பிரச்சினை. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், பாடம் என் கையில் இருந்திருக்கும். என் மகனே என்று கூப்பிட்டுவிட்டு ஒருவர் கேட்டால் என்ன செய்வது? அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு பிழை விட்டவன் திருத்திக்கொள்வான் என்று சொல்லியிருக்கவேண்டும். நான், “ஓம்” என்றேன். தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த கிழமைப் பாடம் படிக்கவேண்டியதில்லை, மாடு வெட்டும் சட்டம் இல்லை என்று உடம்பு லேசாக இருந்தது. சத்தியத்தை மீறியதைக்கூட மன்னித்துவிடலாம். அந்தத் தூக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சரியான பத்தாம் நாள் வந்தது. மாமனார் தன் வீட்டில் பிள்ளைகளைக் கொண்டு விளக்கு ஏற்றினார். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் அன்றைக்கு டோர்வலில் ஒட்டுப் பிரிக்காத தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் போன் எடுத்து, திதி பிழைத்துப்போனதைச் சொன்னேன். “எங்கட திதி ஒருநாளும் பிழைக்காது. அவையின்ர கணக்குத்தான் பிழை” என்றாள். என் மனைவிக்கு அந்த வருஷம் இரண்டு விளக்கு. இரண்டிலும் நாங்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கவில்லை.

மாமனார் நன்றாகப் படிப்பித்தார். என்னைவிட நூறு மடங்கு நன்றாக. இரண்டு மாதத்தில் மகன் எழுத்துக்கூட்டி வாசித்தான். மகளுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தது, பதிலைத் தேடத் தெரிந்தது. ஆனி மாதத்தில் அவள், வீட்டுத் தட்டு சட்டத்துக்கு ஆகாது என்று, என் சமையலைக் கடதாசித் தட்டில் சாப்பிடத் தொடங்கினாள். ஆவணியில் இறைச்சிக் கறியை வேண்டாம் என்றாள். ஒவ்வொரு முறையும் பண்பாகச் சொன்னாள், “குறை நினைக்காதேங்கோ அப்பா.” நான் குறை நினைக்கவில்லை. பதினைந்து வருஷம் அந்தத் தட்டுகளோடு வேலை செய்தவனுக்கு ஒட்டு எதற்கு என்று தெரியாதா?

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. மகனுக்குக் காய்ச்சல் என்று அந்தக் கிழமை இருவரும் என்னோடு நின்றார்கள். மொன்றியலில் அந்த மாதத்தில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும், ஓய்வு நாள் முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும். மகன் அறையில் படுத்திருந்தான். மகள் ஜன்னலோரச் சோபாவில் காலை மடித்துக்கொண்டு மாமனார் கொடுத்த தாள்களை வாசித்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் பிள்ளைகளின் கதை. வேட்டைக்குப் போன மூத்தவன், சமைத்த சாப்பாட்டோடு தகப்பனிடம் வருகிறான். ஆசீர்வாதத்தை அதற்குள் இளையவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். போன வருஷம் அதை நான் சொன்னபோது மகன், “மற்ற ஆளுக்கு ஒண்டுமே மிச்சம் இல்லையோ?” என்று அழுதான். “கொஞ்சம் இருந்தது” என்று சொல்லித் தேற்றினேன்.

நான் சாப்பாட்டு மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் குறையக் குறைய அவள் தாளை ஜன்னல் பக்கம் சரித்துச் சரித்துப் பிடித்தாள். பிறகு அதுவும் போதவில்லை. ஸ்விட்ச் அவளுடைய தலைக்கு மேலே, கை எட்டும் தூரத்தில் இருந்தது.

“அப்பா” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள். “இங்க இருட்டா இருக்கு.”

பன்னிரண்டு வருஷமாக அவள், அப்பா லைட்டைப் போடுங்கோ என்று கேட்ட பிள்ளை. இல்லாவிட்டால் தானே எழும்பிப் போடும் பிள்ளை.

கத்தியைக் கீழே வைத்தேன். “லைட்டைப் போடட்டோ?” என்றேன்.

அவள் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என் மனம் நோகக்கூடாது என்று நினைத்துத்தானோ என்னவோ, மாமனாரின் வசனத்தைத் தமிழில் சொல்லியிருந்தாள். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

எங்கள் வீட்டில் இது ஒருநாளும் நடக்காது என்று அவளுடைய தாய் சொல்லியிருந்தாள். நான் எழும்பிப் போய் லைட்டைப் போட்டேன்.